பட்டியலில் இல்லாத குரல்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது பத்மினியின் அலுவலகம். படியேறி வருகிறவர் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் திருடன் யார் என்று தீர்ப்பு வழங்கிவிடுவது உதவியாளர் துலுக்காணத்தின் வழக்கம். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் வாங்காதவன் முகம் தனக்குத் தெரியும் என்பார். பத்மினி அப்படியல்ல. பாடல் உரிமைச் சங்கம் ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். வானொலியில் ஓடிய பாட்டுக்கு எழுதியவர் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று துருவுவதுதான் இப்போது பிழைப்பு. வாயைக் கடைசியில்தான் திறப்பார்.

அன்று வந்தவள் யூனிஸ், ஆஸ்பத்திரி நர்ஸ்.

"எங்க வீட்டுக்காரர் ஆண்ட்ரூ போன வருஷம் தவறிட்டாரு. அவர் எழுதி மெட்டுப் போட்ட பாட்டு, திருப்பதி நீவா எஃப்.எம்.ல காலைல அஞ்சு அம்பதுக்கு வருதுக்கா. ராத்திரி பூரா ரேடியோ ஓடும், அந்தப் பாட்டுலதான் கண்ணு முழிப்பேன். ஏழு மாசமா கேட்டுக்கினு இருக்கேன். செவ்வாக்கிழமை மட்டும் வராது." கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். சங்கம் அனுப்பிய பட்டியல். அந்தப் பாட்டு ஒருமுறைகூட ஒலிபரப்பாகவில்லை என்றது அது.

"ரேடியோக்காரங்க ஓட்டின பாட்டையெல்லாம் எழுதி சங்கத்துக்கு அனுப்பணும், அதுக்குத் தகுந்தாப்ல பணம் கட்டணும். மறைச்சிட்டானுங்க!" என்று துலுக்காணம் எழுந்தே விட்டார்.

"காசு போவட்டும்ணா. பாடறது அவர் குரல். ஆனா அவர் பாடி எதுவும் வெளிய வரல. சர்ச் கொயர் பசங்கதான் சிடில பாடினாங்க. என் பொண்ணு கேசியா பெங்களூர்ல இருக்கா. நைனா பாடவே இல்லியேம்மா, உனக்கு மனசு சரியில்லன்றா. அந்த எஃப்.எம்.லயே வேலை செய்யற டைட்டஸ் அண்ணனையும் கேட்டேன். கம்ப்யூட்டர்தான் எல்லாம் போடுது, எனக்குத் தெரியாதுன்றாரு. அந்தக் குரல் நெஜமா வருதா, எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியணும்."

பத்மினி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடைசி நாள்ல அவர்கூட யார் இருந்தாங்க?"

"வேலூர் ஆஸ்பத்திரில ரெண்டு மாசம். பகல்ல நானு, ராத்திரில டைட்டஸ் அண்ணன். எங்க வீட்டுக்காரரும் அவரும் கொயர்ல ஒண்ணா பாடினவங்க."

மறுநாள் விடிகாலை துலுக்காணம் யூனிஸ் வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். சரியாக ஐந்து ஐம்பதுக்குப் பாட்டு வந்தது. கீபோர்டு இல்லை, தபேலா இல்லை. மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பாடும் ஓர் ஆண் குரல். நடுவில் எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது. யூனிஸ் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஆக, இவளுக்கு மனசில் ஒரு கோளாறும் இல்லை. துலுக்காணத்துக்கு ரத்தம் கொதித்தது.

கொதித்த ரத்தம் சும்மா இருக்குமா? பத்மினியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், யூனிஸிடம் கையெழுத்து வாங்கி, 'நானே சாட்சி' என்று தன் பெயரையும் போட்டு, சங்கத்துக்குப் புகார் அனுப்பிவிட்டார். நகலை வானொலி நிலையத்துக்கும் தட்டிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மூவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். நிலைய மேலாளர் கமலக்கண்ணன் புகார்க் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். கடிதத்தைப் பார்த்த பத்மினி, துலுக்காணத்தைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. அந்தப் பார்வை எதற்கென்று துலுக்காணத்துக்கு அப்போது விளங்கவில்லை.

ஸ்டூடியோவில் காலை நேர அறிவிப்பாளர் டைட்டஸ் இருந்தார். சுவரில் வேலை நேர அட்டவணை தொங்கியது. டைட்டஸுக்கு வார விடுமுறை செவ்வாய்.

"எங்க கம்ப்யூட்டர் பட்டியலைப் பாருங்க மேடம்," என்றார் கமலக்கண்ணன். "அஞ்சு அம்பதுக்கு எல்லா நாளும் புல்லாங்குழல். எங்க சொந்த இசை, அதுக்கு யாருக்கும் ஃபீஸ் கட்ட வேணாம். இதைத்தான் சங்கத்துக்கு அனுப்பறோம். எதையும் திருத்தல."

"பொய்! இந்தக் காதால கேட்டேன்," என்றார் துலுக்காணம்.

"ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்," என்றார் பத்மினி. "கம்ப்யூட்டர் புல்லாங்குழலைத்தான் ஓட்டுச்சு. ஆனா அதோட சத்தத்தைக் குறைச்சிட்டு, ஒருத்தர் தன் போனை ஒலி கலக்கற மிக்ஸர்ல சொருகிப் பாட்டைப் போட்டார். தான் ஓட்டினது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வெளிய என்ன கேட்டுச்சுன்னு அதுக்குத் தெரியாது."

பத்மினியின் பார்வை சுவரிலிருந்த அட்டவணைக்குப் போனது.

"காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவன், வெளிய வராத குரலுக்கு எங்க போவான்? துலுக்காணம் கேட்டதுல வாத்தியம் இல்ல. மூச்சிரைக்கிற குரல், தள்ளுவண்டிச் சத்தம். அது ஆஸ்பத்திரி வார்டு. அங்க யூனிஸுக்குத் தெரியாம அதைப் பதிவு செய்ய ராத்திரில கூட இருந்தவர் ஒருத்தராலதான் முடியும். அவருக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்னிக்கு மட்டும் நெஜமாவே புல்லாங்குழல் வரும்."

டைட்டஸ் தலை குனிந்தபடியே யூனிஸிடம் பேசினார். "ஆண்ட்ரூதாம்மா கேட்டான். தினம் காலைல நான் பாடி எழுப்பினாதான் யூனிஸ் எழுந்திருப்பா, நான் போயிட்டா யார்டா எழுப்புவாங்கன்னு அழுதான். அன்னிக்கே போன்ல பாடிக் குடுத்தான். இங்க சார்கிட்ட கேட்டேன். ஃபீஸ் கட்டற பாட்டையே குறைச்சிக்கினு இருக்கோம், புதுசா சேர்க்க முடியாதுன்னுட்டாரு. நானே போட்டேன். சொன்னா உன் வாயிலேர்ந்து வெளிய வந்துடும்னு உன்கிட்டயும் சொல்லல. நூத்தி எண்பத்து மூணு நாள்."

யூனிஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். துலுக்காணம் அவசரமாகச் சொன்னார்: "சார், புகாரை வாபஸ் வாங்கிக்கறோம். கிழிச்சிப் போடுங்க."

கமலக்கண்ணன் கெட்டவர் இல்லை. "சங்கத்துக்குப் போன லெட்டருங்க இது. நேத்தே விளக்கம் கேட்டுட்டாங்க. நூத்தி எண்பத்து மூணு தடவைக்கும் பணம் கட்டிடறோம், ஆண்ட்ரூ பேரும் பட்டியல்ல வந்துடும். ஆனா இனிமே இந்தப் பாட்டு போகாது. டைட்டஸ், நீயும் நாளையிலேர்ந்து வர வேணாம்ப்பா."

பத்மினியின் அந்தப் பார்வைக்கு இப்போதுதான் துலுக்காணத்துக்கு அர்த்தம் புரிந்தது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் விஷயம் நாலு பேரோடு முடிந்திருக்கும். "என்னாலதாம்மா," என்று யூனிஸ் முன்னால் கைகூப்பினார்.

"நல்லது செய்யணும்னுதானேண்ணா செஞ்சீங்க. கையெழுத்து போட்டது நான்தானே," என்றாள் அவள். இரண்டு அடி அடித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டைட்டஸ் போனை எடுத்தார். "பாட்டை உனக்கு அனுப்பிடறேம்மா. எப்ப வேணா கேட்டுக்கலாம்."

யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். "வேணாம்ணா. நானே எழுந்து, நானே போனை அழுத்தினா, அவர் எழுப்பின மாதிரி ஆவுமா?"

துலுக்காணம் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.