இரண்டாவது படகு

மேசை மேல் கேசட்டுகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஓடுபவை ஒரு பக்கம், ஓடாதவை மறுபக்கம். அந்த வீடியோ கேம் பெட்டிக்கு வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொள்ளாது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கோளாறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோர் மேலும் மோத வேண்டும். இது ஆள் பார்த்து நடந்துகொண்டது.

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில். காரணம் இல்லாத பழுதை அவள் இதுவரை பார்த்ததில்லை. அன்று மாலையும் அந்த நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேசட்டின் உலோகப் பற்களையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள், மின்சாரம் தரும் அடாப்டரை மாற்றிப் பார்த்தாள், பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே படிந்திருந்த பழைய தூசியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளினாள். சூடேறிய தூசியின் வாசனை, ஸ்பிரிட்டின் வாசனை, கட்டிலில் படுத்திருந்த அண்ணனுக்குத் தடவிய தைலத்தின் வாசனை எல்லாம் மூடிய ஜன்னல்களுக்குள் ஒன்றாகக் கலந்து நின்றன. வெளியே மழை, ஓயவும் மனமில்லாமல் பெய்யவும் மனமில்லாமல், தகரத்தின் மேல் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

அண்ணனைப் பக்கவாதம் கட்டிலில் தள்ளியதிலிருந்து வலது கை அவன் கையாக இல்லை. யாரோ கட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டு மிஞ்சியிருந்தது. வேணாம். தண்ணீர் வேண்டுமா என்றால் வேணாம் என்பான், சொல்லிக்கொண்டே இடது கையால் டம்ளரைப் பிடுங்கிக் குடிப்பான். மின்விசிறி போடவா என்றாலும் வேணாம், அணைக்கவா என்றாலும் வேணாம். மருந்துக்கடை வேலைக்குப் புறப்படும்போது அண்ணி அன்றும் அதை வைத்துத்தான் சிரித்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு இந்த வார்த்தை உங்க வாயில வரலையே. வந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினாள். "வாலு, உங்க அண்ணன் கையை விட அந்தப் பெட்டிக்குத்தான் நீ அதிகமா வைத்தியம் பாக்குற."

வைத்தியம் கைக்குத்தான். பயிற்சி என்று சொன்னால் கை கேட்காது, அவருக்கே அழுத்த வேண்டும் என்று ஆசை வருகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். இந்த மழைக்காலத்துக்குள் ஒரு விரலாவது அசையாவிட்டால் அப்புறம் கஷ்டம் என்றும் வாசலில் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவே பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

ஆசை வரக்கூடியது எது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. படகுப் பந்தயம். அண்ணனுக்கு ஒரு படகு, அவளுக்கு ஒரு படகு. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வயதில் ஒவ்வொரு மாலையும் அவனை அதில் தோற்கடித்தாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே யாரும் நுழையத் துணியாத ஒரு சந்து. அதற்குள் படகை நுழைத்து முன்னே வந்துவிடுவாள். அண்ணன் ஒரு நாள் கன்ட்ரோலரைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து போனான், அதற்குப் பிறகு ஆடவே இல்லை. கொஞ்ச நாளில் வெளியூரில் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டான். தங்கச்சியிடம் தோற்ற வெட்கத்தில் ஊரை விட்டே ஓடினவன் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவன் ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. வாழ்க்கையில் வேறு எதிலும் முதலாவதாக வராத அவள், அந்தப் பாறைச் சந்தை மட்டும் மனசுக்குள் ஒரு நகை மாதிரிப் பூட்டி வைத்திருந்தாள்.

ஓடாத குவியலை மறுபடி புரட்டியபோதுதான் அட்டைப்படங்கள் கண்ணில் பட்டன. இரண்டு பேர் குத்துச்சண்டை. இரண்டு பேர் டென்னிஸ். இரண்டு கார்கள். இரண்டு படகுகள். ஓடியவை எல்லாம் தனி ஆள் ஆடுகிறவை. ஓடாதவை எல்லாம் இருவர் ஆடுகிறவை.

படகு கேசட்டை எடுத்தாள். கட்டிலில் அண்ணன் தலையைத் தூக்கினான்.

"வேணாம்."

"சரி சரி, வேணாம்," என்று அவள் அன்போடு சொல்லிக் கேசட்டைச் சொருகினாள்.

இரண்டு படகுகளும் கோட்டில் வந்து நின்றன. உறைந்தன. இதுவரை அந்த இடத்திலேயே அவள் அணைத்துவிட்டிருந்தாள். இந்த முறை அணைக்காமல் காது கொடுத்துக் கேட்டாள். தொலைக்காட்சிக்குள் அலைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் கெடவில்லை. யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திரையின் மூலையில், நிறுத்தியது யார் என்று காட்டும் சின்ன எண் மினுங்கியது. இரண்டு.

இரண்டாவது ஆளுக்கான சாக்கெட்டில் எதுவும் சொருகப்படவில்லை.

ஈரம், என்று சொல்லிக்கொண்டாள். மழைக்காலம், உள்ளே எங்கோ ஈரம் கோத்து இரண்டு கம்பிகளை இணைக்கிறது. பூதக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து முதல் சாக்கெட்டைப் பார்த்தாள். பல வருடம் சொருகி உருவியதில் அதன் ஊசிகள் கீறல் விழுந்து மங்கியிருந்தன. இரண்டாவதைப் பார்த்தாள். ஈரம் இல்லை. துரு இல்லை. ஊசிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய பளபளப்போடு, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றன. ஒரே ஒரு தடவை சொருகினாலும் கோடு விழும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். புதியது என்று சொல்லி விற்ற எத்தனையோ பழைய கருவிகளை அந்தக் கோட்டை வைத்தே பிடித்திருக்கிறாள்.

அந்த சாக்கெட்டில் எவரும் எதையும் சொருகியதே இல்லை.

அந்த நாட்களில் வயரைச் சொருகுவது அண்ணன் வேலை. கை வைக்கக் கூடாது, ஷாக் அடிக்கும் என்பான். அவளை முன்னால் உட்காரவைத்து இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் கொடுப்பான்.

அவள் மெல்லத் திரும்பினாள். அவன் கைக்கென்று அவள் வைத்திருந்த இரண்டாவது கன்ட்ரோலர் கட்டிலில், அவன் பக்கத்தில் கிடந்தது. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் அதன் வயரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சொருகும் முனையைத் தன் தொடைக்கு அடியில் தள்ளினான். தள்ளிவிட்டு அதன் மேல் அழுத்தி உட்காருவது போல உடம்பைச் சாய்த்தான். பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் கோண, அவள் முகத்தைப் பார்த்தான்.

அப்போதும் அவன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு காலை மடித்து, வயர் மேல்.

தங்கை சின்னவள், அழுவாள், ஆடத் தெரியாது. சும்மா கையில் ஒன்றைக் கொடுத்து ஆடுகிறாய் என்று சொன்னால் போதும். எல்லா வீட்டிலும் நடக்கிற ஏமாற்று வேலை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் தனியாக ஆடியிருக்கிறான். எதிரில் நின்ற படகு கோட்டிலேயே நின்றிருக்க வேண்டும்.

அது நிற்கவில்லை.

"அண்ணா, அப்ப ஜெயிச்சது யாரு?"

"வேணாம்," என்றான் அவன்.

அவள் பாறைச் சந்தை நினைத்துப் பார்த்தாள். எந்தப் பொத்தான், எந்த நேரத்தில், கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய வேண்டும். திரை ஞாபகம் இருந்தது. நுழையும் படகு ஞாபகம் இருந்தது. விரலுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை.

காரணம் இருக்கும். பெட்டியை அணைத்து, இரண்டாவது சாக்கெட்டிலிருந்து சர்க்யூட் பலகைக்குப் போகும் வயர்க் கொத்தையே பிடுங்கி மேசையில் வைத்தாள். இனி அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை. முதல் கன்ட்ரோலரோடு தரையில், கட்டிலுக்கு முதுகைக் காட்டி, சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள்.

படகுகள் கோட்டில் வந்து நின்றன.

உறையவில்லை.

இரண்டாவது படகு புறப்பட்டது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்தவர்கள் போகிற மாதிரி. அவள் படகு இன்னும் கோட்டிலேயே இருந்தது. பாறைகள் வந்தன. அது சாய்ந்தது. சந்துக்குள் நுழைந்தது.

டிக்.

முதுகுக்குப் பின்னால்.

டிக். டிக்.

படகு இடது பக்கம் திரும்பியது. டிக். வலது பக்கம். டிக்.

கட்டிலின் மரச்சட்டத்தில் நகம் படும் சத்தம்.

திரும்பினாள். அவன் வலது கை. இத்தனை மாதம் செத்துக் கிடந்த கை. விரல்கள் வளைந்து, இல்லாத எதையோ பிடித்திருந்தன. கட்டைவிரல் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. இடது கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, நரம்பு புடைக்க, அதை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தான் அண்ணன். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"வேணாம். வேணாம். வேணாம்."

முதல் தடவையாக அந்த வார்த்தை அவளுக்குப் புரிந்தது.

பாய்ந்து வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை கறுத்தது. அலைச் சத்தம் நின்றது. மழை மட்டும்.

டிக்.

டிக்.

கதவில் சாவி திரும்பியது. நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே வந்த அண்ணி அப்படியே நின்றாள். கையில் இருந்த பை நழுவியது.

"அசையுது," என்றாள். குரல் உடைந்தது. "என்னங்க, உங்க கை அசையுது."

அண்ணிக்கும் கட்டிலுக்கும் குறுக்கே அவள் போய் நின்றாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. தொண்டையில் ஒன்றே ஒன்று மாட்டியது.

"வேணாம் அண்ணி."

"உனக்கும் தொத்திக்கிச்சா அது," என்று அழுகையும் சிரிப்புமாக அவளை விலக்கிவிட்டு, அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். கணவனின் இடது கையை மணிக்கட்டிலிருந்து பிரித்து எடுத்தாள். அவன் விடாமல் பிடித்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிறகு அந்த வலது கைக்குள் தன் உள்ளங்கையை வைத்தாள்.

டிக் சத்தம் நின்றது.

விரல்கள் அண்ணியின் கையைச் சுற்றி மூடின. கட்டைவிரல் அவள் உள்ளங்கை மேல் மெதுவாக ஊர்ந்து, ரேகைகளைத் தடவி, பொத்தான் எங்கே என்று தேடியது.