தங்க மருந்துக்கு அடங்காதவை

வெள்ளிக்கிழமை விலகி நின்றவை இன்று நெருங்கியிருந்தன.

புனிதமலர் மொப்பை வாளியில் விட்டுவிட்டுக் கணினித் திரைக்கு அருகே போனாள். ஓகஸ்ட் நடுப்பகுதி; இத்தாலியின் பலெர்மோ நகர் முழுவதும் கடலுக்குப் போய்விட்ட விடுமுறை நாள். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஒருவருமில்லை. ஷிரோக்கோ வெக்கைக் காற்று சாத்தியிருந்த மர யன்னல்களைத் தட்டித் தட்டிப் பார்க்க, ஸ்பிரிட் மணமும் சூடேறிய பிளாஸ்ரிக் மணமும் தேங்கிய பகல் இருட்டில், எப்போதும் மனித உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி மெல்லிதாக முனகிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தட்டு. தட்டில் அவளுடைய மகள் அகஸ்ரீனாவின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்கள். பெட்டிக்குள் இருந்த கமரா அவற்றைப் பெருப்பித்துத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது.

அகஸ்ரீனா மார்கழியில் இறந்தாள். இரத்தப் புற்றுநோய். தாயின் எலும்பு மஜ்ஜை பாதிதான் பொருந்தும், ஆனாலும் போதும் என்றார்கள். பிள்ளைக்கு இன்னொரு தடவை உயிர் கொடுக்கப்போகிறேன் என்று புனிதமலர் கோயிலில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாள். மஜ்ஜை ஊன்றியது, புற்றுநோயும் போனது. பிறகு, தாயிடமிருந்து போன எதிர்ப்பு அணுக்கள் மகளின் உடம்பை அந்நியமென்று எண்ணித் தாக்கத் தொடங்கின. தோல் சிவந்து உரிந்தது. குடல் புண்ணானது. ஈரல் போனது. எந்த மருந்துக்கும் அவை அடங்கவில்லை.

தங்கம் சேர்ந்த ஒரு மருந்து அப்படிப்பட்ட அணுக்களை அடக்குமா என்று ஆராய்ந்தவள் இந்த ஆய்வுக்கூடத்தின் டொட்டொரெஸ்ஸா, டொக்டர் அம்மா, ரொசாலியா. அகஸ்ரீனா உயிரோடு இருந்தபோதே சம்மதம் சொல்லித் தோலும் இரத்தமும் கொடுத்திருந்தாள். அதை அறிந்துதான் புனிதமலர் இங்கே துப்புரவு வேலை கேட்டு வந்தாள். ரொசாலியா இரக்கப்பட்டுத் திரையைக் காட்டினாள்: நீளமானவை மகளுடையவை, உருண்டையானவை அவளுடைய இரத்தத்தில் இருந்த உங்களுடையவை, தங்கம் கலந்த நீரில் அவை உறங்குகின்றன, இனிக் கிட்டப் போகமாட்டா. அன்று புனிதமலர் நன்றியில் அழுதாள்.

இன்று உருண்டைகள் உறங்கவில்லை. திரையின் ஒரு பாதியில் நீளமானவை ஒன்றுமே இல்லை.

ரொசாலியாவின் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கதவடிக்குப் போய், மாதா பெருநாள் பூசையில் இருந்த கணவன் பேனாட்டை அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, மருந்து வேலை செய்யேல்லை. பிள்ளையைத் தின்னுது."

பின்னால் சனம் பாடுவது கேட்டது.

"பிள்ளையைச் சேமக்காலையில அடக்கம் பண்ணிட்டம், புனிதம். அங்கை ஒண்டுமில்லை. வீட்டை வா."

"இன்னும் கொஞ்சம் இருக்கிறாள்," என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அதைக் கவனித்தாள். அவள் கதவடியில் நின்றபோது உருண்டைகள் அசையாமல் கிடந்தன. ஓரடி கிட்ட வந்தாள். நெளிந்தன. இன்னும் ஓரடி. விரைந்தன. பின்னால் போனாள். நின்றன.

அப்படியென்றால் தான் போய்விட வேண்டும். போனால் பிள்ளை பிழைக்கும். ஒரு தாய்க்கு அது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. விளக்கை அணைத்தாள். நடைபாதைக்கு வந்தாள். மகளுக்குக் கடைசியாகச் சொல்ல முடியாமற் போனதைக் கண்ணாடிக் கதவினூடே மெல்லச் சொன்னாள்.

"அம்மா போறன், ராசாத்தி."

இருட்டில் திரை ஒளிர்ந்தது. நீளமான ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அது நடுங்கியது. பிறகு, தன் மெல்லிய நுனியைக் கதவுப் பக்கமாக நீட்டியது. அவள் நின்ற பக்கமாக.

போகாதே என்று கேட்கும் குழந்தையை விட்டு எப்படிப் போவது?

போக முடியவில்லை.

உள்ளே ஓடினாள். திரையில் உள்ளங்கையை வைத்து அந்த ஒன்றை மறைத்தாள். கண்ணாடி சுட்டது. யன்னல் தட்டல் நின்றிருந்தது. பெட்டியின் முனகலும் இல்லை.

உருண்டைகள் வந்தன. எல்லாப் பக்கமுமிருந்து. அவசரமில்லாமல். அவளுடைய கையின் கீழே கூடின. வரிசையாகச் சேர்ந்தன. ஒரு வரிசை. இன்னொன்று. ஐந்து. நடுவே ஓர் உள்ளங்கை.

அவளுடைய கையேதான். அதே அளவு. அதே வளைந்த சின்னவிரல்.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

திரைக்குள்ளே விரல்கள் மகளின் மேல் மெல்ல மடங்கின. மேலே, அவளுடைய விரல்களும் அதே வேகத்தில் மடங்கிக்கொண்டிருந்தன.