காற்றுச் சோதனை

ஆய்வகக் குழாயில் பிடித்த தண்ணீரில் வாய்நாற்றம் அடித்தது. சாக்கடை நாற்றமென்றால் ஆபரேட்டருக்குப் பழக்கம். பதினோரு வருடமாக ஊர்க் கழிவையெல்லாம் சவ்வில் வடிகட்டிக் குடிநீர்த் தொட்டிக்கு அனுப்புகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா? இது வேறு. தூங்கி எழுந்து பல் துலக்காத யாரோ முகத்துக்கு நேராக வாயைத் திறந்ததுபோல், வெதுவெதுப்பாக வந்தது.

டம்ளரைப் பார்த்தான். தண்ணீர் அவ்வளவு தெளிவு. நடுவே ஒரு தலைமுடி.

"உங்க முடிதான்க்கா விழுந்திருக்கும்."

ஆய்வக அக்கா தன் தலையுறையைத் தொட்டுக் காட்டினாள். "என் முடி எப்படிப்பா விழும்? காலையில சவ்வுக்குக் காத்துச் சோதனை பண்ணினேல்ல?"

"பண்ணாம இருப்பேனா?"

பண்ணவில்லை. சவ்வுக்குள் காற்றை அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று கால்மணி நேரம் பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கோ கிழிசல். மூன்று நாளாக அந்தக் கால்மணியில் டீ குடித்துவிட்டு, முந்தைய நாள் அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

முடியைக் கிள்ளி எடுக்கப் போனான். அதன் மறுநுனி டம்ளர் விளிம்பைத் தாண்டிக் குழாய்க்குள் போயிருந்தது. இழுத்தான். சளி ஒட்டி, வழவழவென்று ஒரு முழம் வந்தது, இன்னொரு முழம் வந்தது, பிறகு மஞ்சள் கொழுப்பு அப்பிய ஒரு கற்றையே வந்து குழாய் வாயை அடைத்தது. கையை உதறிப் பின்வாங்கினான்.

"வால்வை மூடுங்கக்கா!"

வீட்டுக்கு போன் அடித்தான். மனைவிக்கு ஏழாம் மாதம்.

"குழாய்த் தண்ணி குடிச்சியா?"

"டாக்டர் நிறையக் குடிக்கச் சொன்னாங்கல்ல? மூணு நாளா வயிறு முட்டக் குடிக்கிறேன். நீங்க அனுப்புற தண்ணிதானே, என்ன பயம்? இருங்க... தொண்டையில என்னமோ..."

இருமல். மறுபடி இருமல். பிறகு ஓங்கரிக்கும் சத்தம்.

அவன் ஓடினான்.

குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து முடி கருப்பாகத் தொங்கியது. மடியில் ஈரமாக, ஒரு பந்து அளவுக்குச் சேர்ந்திருந்தது. அவளால் பேச முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, நீங்களே எடுங்கள் என்பதுபோல் அதை அவன் கையில் கொடுத்தாள்.

சீ. இளஞ்சூடு. வழவழப்பு. அதே வாய்நாற்றம்.

மெல்ல இழுத்தான்.

வரவில்லை. அவளுடைய ஏழு மாத வயிறு ஒருமுறை புரண்டது.

உள்ளேயிருந்து ஒரு சின்ன இழுப்பு. பிறகு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதுபோல், இன்னொன்று.