நாலு மணிக்கு வரும் சாவு

"ஐயோ... மாதாவே!"

கோம்பைக்கு மேற்கே, வாழைத் தோப்பை ஒட்டிய அந்த மாட்டுத் தொழுவத்திலிருந்து அலறல் கிளம்பியபோது காலை மணி ஆறரை.

அலறியது ஒரு ஆண்!

லூர்துநாதன். வயது நாற்பத்தாறு. இரண்டே மாதத்தில் பதினாலு கிலோ இறங்கியிருந்தான். சொந்தச் சட்டையே இரவல் சட்டை மாதிரி தொளதொளத்தது.

அவன் காலடியில், வைக்கோல் மேல் ஒரு பிணம்.

இரண்டடி நீளம்தான். கண்கூடத் திறக்கவில்லை.

ரத்தம் பிசுபிசுத்த கையோடு போனை எடுத்தான். மூன்று தடவை தப்பான நம்பர். நாலாவது தடவை கிடைத்தது.

"போலீஸ் ஸ்டேஷனா? கொலை நடந்திருக்கு! சீக்கிரம் வாங்க... அடுத்தது நான்தான்!"

*

இன்ஸ்பெக்டர் சங்கிலியம்மாள் ஜீப்பிலிருந்து குதித்தாள். பத்தொன்பது வருட சர்வீஸ். சிரிப்பது குறைவு. சிரித்தால் எதிராளிக்கு வயிற்றைக் கலக்கும்.

"செத்தது யாரு?"

"இந்தக் கன்னுக்குட்டி மேடம். ஏழாம் மாசத்துலயே மாடு கன்னு வீசிருச்சு, செத்தே விழுந்துச்சு."

"யோவ்! கன்னுக்குட்டிக்கா என்னைக் கூப்பிட்டீரு?"

"மாட்டுக்கு விஷம் வச்சுப் பாத்திருக்கா மேடம்! எனக்கு ரெண்டு மாசமா வச்சுக்கிட்டிருக்கா!"

"யாரு?"

லூர்துநாதன் விரலை வீட்டுப் பக்கம் நீட்டினான்.

அங்கே, கதவு நிலையைப் பிடித்தபடி அவன் மனைவி வியாகுலமேரி. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"தினமும் சாயங்காலம் நாலு மணி மேடம்... கடியாரம் வச்ச மாதிரி வரும். முதல்ல குளிரு. பொறவு காய்ச்சல். ராத்திரி வேர்த்து ஊத்திப் பாயே நனைஞ்சு போகும். இடுப்பு, முட்டி எல்லாம் கழண்டு போகுது. பத்து நாள் விடும். செத்தது சனியன்னு நினைப்பேன். திரும்ப வரும்!"

"டாக்டரைப் பாத்தீரா?"

"பாத்தேன். மாட்டுக் காய்ச்சலா இருக்கும்னு சந்தேகப்பட்டாக. முந்தாநாள் உத்தமபாளையத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணுனேன். அப்படி ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாக. நோய் இல்லைன்னா... விஷம்தான மேடம்?"

"இவங்க வச்சாங்கன்னு யாரு சொன்னது?"

"தரகர் சுருளியாண்டி அண்ணன். மூணு மாசம் முன்ன இந்த மாட்டை எனக்கு வாங்கிக் குடுத்தவரு. 'ஏலே, பொண்டாட்டி கையால பச்சைத் தண்ணி வாங்கிக் குடிக்காத'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. அன்னையிலிருந்து இவ ஆக்குனதை நான் தொடுறதே இல்லை. பூராத்தையும் நாய்க்குத்தான் வைக்கிறேன்."

சங்கிலியம்மாள் நாயைப் பார்த்தாள்.

கோம்பை நாய். ஒட்டிய வயிறும் ஓட்டமுமாய் இருக்கவேண்டிய சாதி. இதுவோ உரல் மாதிரி உருண்டு கிடந்தது. ஜீப்பைப் பார்த்துக் குரைக்கக்கூட அதற்குச் சோம்பல்.

"அப்ப நீரு என்னதான் சாப்பிடுறீரு?"

"தோப்பு வாழைப்பழம். நானே உரிச்சுத் திம்பேன். பொறவு, என் கையால கறந்த பாலு. கறந்த சூட்டோட, சொம்போட, அப்படியே! அடுப்புக்குப் போனாத்தான இவ கை படும்?"

சங்கிலியம்மாளின் புருவம் ஏறியது.

வியாகுலமேரி பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள்.

"அம்மா... அவுகளுக்கு நாலு மணிக்கு காய்ச்சல் ஏறுச்சுன்னா புத்தி பிசகிருது. நேத்து அருவாளைத் தீட்டிக்கிட்டு இருந்தாக. இன்னைக்கு என்னை முடிச்சிருவாக. எனக்கு பயமா இருக்கும்மா."

"அம்மா வீட்டுக்குப் போயிரும்மா."

"போனா, விஷம் வச்சவ ஓடிட்டான்னு ஊரு சொல்லும். நான் போகமாட்டேன்."

பிடிவாதத்துக்கு மருந்து இல்லை. சங்கிலியம்மாள் அருவாளைப் பிடுங்கி ஜீப்பில் போட்டாள். தன் நம்பரைக் கொடுத்தாள்.

"மூணரைக்கே ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்க. நான் வர்ற வரைக்கும் திறக்காத."

விவசாயி வீட்டில் ஒரே ஒரு அருவாள்தான் இருக்கும் என்று நினைத்தது அவள் செய்த தப்பு!

*

உத்தமபாளையம். ஒரு சின்ன லேப். மணி மூன்று முப்பத்தைந்து.

லேப் டெக்னீஷியன் ஜெனிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மேடம்... நெகட்டிவ்னு கையெழுத்துப் போட்டது நான்தான். முந்தாநாள் ரத்தம் ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு. நீங்க வந்து, காய்ச்சாத பாலு, ஏழாம் மாசம் கன்னு வீசுன மாடுன்னு சொன்னதும் எனக்குப் பகீர்னுச்சு. திரும்பப் பாத்தேன். அப்பவும் நெகட்டிவ். உப்புத்தண்ணி கலந்து, நீர்க்க வச்சுப் பாத்தேன்..."

ரத்தம் சோதித்த அட்டையை நீட்டினாள். ரோஸ் கலர் மருந்தில் மணல் மணலாய்த் திட்டுகள்.

"பாசிட்டிவ்! புருசெல்லா! டாக்டர் சந்தேகப்பட்ட அதே மாட்டுக் காய்ச்சல் கிருமி!"

"தண்ணி கலந்தா குறையணும்மா. கூடுமா?"

"அதான் மேடம் இதுல சூது. கிருமியைப் பிடிக்க உடம்பு ஆன்டிபாடின்னு ஒண்ணு செய்யும். அதுக்குக் கை இருக்குன்னு வச்சுக்கங்க. இந்தக் கையில ஒரு கிருமி, அந்தக் கையில இன்னொரு கிருமின்னு பிடிச்சாத்தான் கட்டி கட்டியாத் தெரியும். இவரு ரத்தத்துல அது அளவுக்கு மேல இருக்கு. ஒத்தைக் கிருமியை ஒரு பட்டாளமே மொய்ச்சுக்கிட்டா, பக்கத்துக் கிருமி எப்படிக் கைக்குச் சிக்கும்? கட்டியே தட்டலை. நோய் முத்திப் போனதாலயே நோய் இல்லைன்னு காட்டியிருக்கு!"

"இவ்வளவு பட்டாளம் இருந்துமா கிருமி சாகலை?"

"அது ரத்தத்துல நின்னு சண்டை போட்டாத்தானே! நம்ம உடம்புல காவல்காரச் செல் இருக்கு. கிருமியைப் பாத்தா விழுங்கிச் செரிச்சிரும். இந்தப் பயல் செரிக்கமாட்டான். உள்ள வர்றப்ப உடம்புக்குச் சத்தமே கேட்காது. முழுங்குன காவல்காரன் வயித்துலயே குடித்தனம் நடத்திக் குட்டி போடுவான்!"

"லாக்கப்புலயே கல்யாணம், வளைகாப்பா?"

"ஆமா மேடம். அந்தக் காவல்காரன் மேலேயே சவாரி பண்ணி எலும்பு, மூட்டு, கல்லீரல்னு போயிருவான். அப்பப்ப வெளிய வருவான். உடம்பு அனலா எரிஞ்சு விரட்டும். ஒளிஞ்சுக்குவான். திரும்ப வருவான். இதயத்துக்குப் போனா... ஆள் அவ்வளவுதான்."

சங்கிலியம்மாள் அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்தினாள்.

போன் அடித்தது.

"அம்மா..." வியாகுலமேரி. மூச்சுதான் கேட்டது. குரல் இல்லை. "வாழை வெட்டுற அருவா இருந்திருக்கும்மா... கதவைக் கொத்துறாக..."

டொக்! டொக்!

மரம் பிளக்கும் சத்தம் போனிலேயே கேட்டது!

*

ஜீப் கோம்பை ரோட்டில் பறந்தது. எதிரில் வந்த திராட்சை வேன் ஓரமாய்ப் போய்ப் பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதவில் பாதிதான் மிச்சம். ஓட்டை வழியே தெரிந்தது வியாகுலமேரியின் ஒற்றைக் கண். அதில் இருந்த பயத்தைப் பார்த்து, கூட வந்த ஜெனிபர் அழுதே விட்டாள்.

"அருவாளைக் கீழ போடும்!" சங்கிலியம்மாள் துப்பாக்கியை உருவினாள்.

லூர்துநாதன் திரும்பினான். பல் தந்தியடித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"கிட்ட வராதீக! மணி நாலு! விஷம் ஏறுது! நான் சாகுறதுக்குள்ள இவ சாகணும்!"

சங்கிலியம்மாளின் கண் அடுப்படிக்குப் போனது. மேடையில் ஒரு டம்ளர். ஆடை படிந்த பால்.

"அது யாரு காய்ச்சுனது?"

"அவதான்! காலையில எனக்கு வச்சது! தொடாதீக மேடம்!"

சங்கிலியம்மாள் எடுத்தாள். மடக் மடக் என்று மொத்தத்தையும் குடித்தாள்.

லூர்துநாதனின் வாய் பிளந்தது.

"சீனி கொஞ்சம் கம்மி. மத்தபடி ஜோர்." உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா இவங்க சோத்தைத் தின்ன நாய் உரலாட்டம் இருக்கு. நீரு ஓலையாட்டம் இருக்கீரு. விஷம் எதுல இருக்கு? இன்னுமா விளங்கலை?"

"எ... எதுல?"

"நீரு கறந்த சொம்புல! கிருமி மாட்டு மடியில இருக்கு. காய்ச்சியிருந்தா செத்திருக்கும். இவங்க காய்ச்சித் தந்ததை நாய்க்கு ஊத்திட்டு, பச்சையாக் குடிச்சீரு பாரும்... உம்மைக் கொல்ல வந்தவனை நீரே சொம்பு சொம்பா உள்ள விட்டிருக்கீரு!"

அருவாள் நழுவித் தரையில் விழுந்தது. அதன் பக்கத்திலேயே அவனும் சரிந்தான்.

உடைந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, முதலில் அவன் தலையைத் தாங்கியது வியாகுலமேரிதான்.

"ஆறு வாரம் மாத்திரை, ரெண்டு வகை. ஒரு நாள்கூட விடக் கூடாது," என்றாள் ஜெனிபர்.

லூர்துநாதன் மனைவியின் கன்னத்தைப் பார்த்தான். அந்த ஐந்து விரலைப் பார்த்தான். ஏங்கி ஏங்கி அழுதான்.

"பால்ல கிருமின்னா... சந்தையில துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசி முடிச்சதும், சுருளியாண்டி அண்ணனும்தான மேடம் கறந்து குடிச்சாரு? 'நான் குடிச்ச மாடு, நம்பி வாங்குடா'ன்னு சொல்லிட்டுத்தான் எனக்கு ஒரு டம்ளர் குடுத்தாரு. அவருக்கு ஒண்ணுமே ஆகலியே?"

சங்கிலியம்மாள் சிரித்தாள்.

*

மறுநாள் காலை. ஸ்டேஷன்.

தரகர் சுருளியாண்டி பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். தோளில் துண்டு. விரலில் பஞ்சு. ஜெனிபர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் போயிருந்தாள்.

"மாட்டுக்கு நோயின்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சா நான் குடிப்பேனா? பத்துப் பேரு சாட்சி!"

"அதான்யா எனக்கும் வருத்தமா இருக்கு," என்றாள் சங்கிலியம்மாள். குரலில் அவ்வளவு கனிவு. ரோஸ் கலர் திட்டுகள் நிறைந்த ஓர் அட்டையை மேஜையில் வைத்தாள். "ரிசல்ட் வந்திருச்சு. பாவம்... உனக்கு முத்திப் போச்சாம். இதயத்துக்குப் போயிட்டா வீட்டுல கடைசியா ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டுத்தான் வரணுமாம்."

சுருளியாண்டியின் முகம் வெளுத்தது.

"எ... எனக்கா? இருக்காது!"

"ரத்தம் பொய் சொல்லாதுய்யா."

"பொய்தாம்மா! நான் எங்க குடிச்சேன்? முன்னமே ரெண்டு தடவை கன்னு வீசுன மாட்டுப் பாலை எவனாச்சும் குடிப்பானா? வாயைத் துடைக்கிற மாதிரி அப்படியே துண்டுல துப்பிட்டேனே! ஒரு சொட்டு உள்ள போகலையே!"



ரைட்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

சுருளியாண்டிக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. தோள் துண்டு நழுவி மடியில் விழுந்தது.

"மாட்டு மேல சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு, கட்டுன பொண்டாட்டி மேல திருப்பி விட்டே. ஒரு நிமிஷம் லேட்டாகியிருந்தா அந்தப் பிள்ளை ரெண்டு துண்டு." சங்கிலியம்மாள் விலங்கை எடுத்தாள். "எழுந்திரு."

"அம்மா... அந்த அட்டை?"

"அது லூர்துநாதனோடது. பயப்படாத... உன் ரத்தம் நெகட்டிவ்தான். வாய்தான்யா பாசிட்டிவ்!"