தீவில் வைத்த தகர டப்பா

மிதெக்கின் வீட்டுக்குள் துகும்மெக் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். கிரீன்லாந்தின் வடகோடியில் இருக்கும் அந்த ஊரில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

"அக்கா, தரையெல்லாம் பனி!" என்று பதறினான் எனோக்.

"போடா, உன் தரையும் நீயும்! எங்கப்பாவைப் பொய்யன்னு ஊரே சிரிக்குது."

ஊர்க் காவலரான மிதெக் தேநீரை நீட்டினார். அவருக்கு உதவியாளன், ஊருக்கு வாயாடி, எனோக். சூடு ஆறட்டும் என்று, கடலோரத்தில் பொறுக்கிய பனிக்கட்டி ஒன்றை அதில் போட்டான். பட்பட்டென்று வெடித்தது.

"என்ன நடந்துச்சு, சொல்லும்மா."

அவள் கொட்டித் தீர்த்தாள். இளவயதில் அவள் அப்பா சாமிக், வரைபடக் குழு ஒன்றுக்கு நாய்வண்டி ஓட்டினார். உறைந்து கிடந்த வடக்கு நீரிணையில் தனியாக முன்னால் போனவர், தாழ்வான ஒரு தீவைக் கண்டு, அங்கே கல்லடுக்கி, தன் பெயர் கீறிய தேயிலை டப்பாவை உள்ளே வைத்துவிட்டு வந்தார். வரைபடத்தில் 'சாமிக் தீவு' ஏறியது. மறுவருடம் விமானத்தில் போய்த் தேடியவர்கள் கடலைத்தான் பார்த்தார்கள். பெயரை அழித்துவிட்டார்கள். இப்போது ஊர்ப் பையன் நூகா அதே டப்பாவை ஊருக்குத் தெற்கே, கரையில் கண்டெடுத்திருக்கிறான்.

"வடக்கே போகவே இல்லையாம், தெற்கே கரையிலேயே உக்காந்து கதை விட்டாராம். நாளைக்குக் கிளம்புற பயணத்துக்கு நான்தான் முன்வண்டி ஓட்டுறதா இருந்துச்சு. தலைவி பிர்கிட்டா, பொய்யன் மக வேணாம்னுட்டாங்க. குளிர்காலம் பூரா அந்த நாய்ங்களை அதுக்காகத்தானே வளர்த்தேன், அண்ணே!"

எனோக் துள்ளி எழுந்தான். "நூகாதான் திருடியிருக்கான்! தீவுக்குப் போய் எடுத்து…"

"இல்லாத தீவுக்கா?" என்றார் மிதெக். "வண்டியைப் பூட்டு."

நூகா காட்டிய இடத்தில் மிதெக் வெகுநேரம் குந்தியிருந்தார். கரை முழுக்கச் சாம்பல் நிறப் பாறை, அதன்மேல் கருப்புப் பாசி. நடுவே மட்டும் சிவப்புக் கற்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. அவற்றில் பாசியே இல்லை. "டப்பா இதுக்குள்ளதான் இருந்துச்சு," என்றான் நூகா. "நான் பொய் சொல்லலப்பா."

"நீ சொல்லலடா," என்ற மிதெக், சாமிக்கையும் பயணத் தலைவி பிர்கிட்டாவையும் அங்கேயே வரவழைத்தார்.

கிழவர் வந்ததும் மிதெக் கேட்ட முதல் கேள்வி எல்லாரையும் விழிக்க வைத்தது.

"அண்ணே, தீவுல டீ குடிச்சீங்களா?"

"குடிக்காம? கல்லை ஒதுக்கித் தோண்டினேன், அடியில நல்ல பனிக்கட்டி. அப்படி ஒரு டீ அப்புறம் குடிச்சதே இல்ல."

"கட்டி மண்ணும் சேறுமா இருந்துச்சா?"

"சேறா? கண்ணாடிய்யா! கோப்பையில போட்டா பட்பட்டுனு…" கிழவர் பாதியில் நிறுத்தினார்.

எனோக் தலையில் அடித்துக்கொண்டான். "காலையில நம்ம கோப்பையில வெடிச்ச மாதிரி!"

"அதேதான்," என்றார் மிதெக். "நெசமான நிலத்தைத் தோண்டினா உறைஞ்ச சேறுதான் வரும். தெளிஞ்ச கட்டி, அதுவும் வெடிக்கிற கட்டின்னா, மலையில இருந்து இறங்குற பனியாறு உடைஞ்சு வந்தது. உள்ள அடைபட்ட பழைய காத்து வெடிக்குது. மலைக் கல்லைச் சுமந்துட்டு வந்த பனிப்பாளம் ஒண்ணு வடக்கே தரைதட்டி நின்னிருக்கு. இவர் கால் வெச்சது அதுமேல. கோடையில மிதந்துடுச்சு. அங்க நீரோட்டம் தெற்கே ஓடுது. இந்தக் கரையில ஒதுங்கி உருகி, சுமந்த கல்லையும் டப்பாவையும் இறக்கிட்டுப் போயிருச்சு. அந்தக் கல்லுதான் இந்தச் சிவப்பு. இந்தக் குளிர்ல பாசி புடிக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்."

"வேற ஊர்க்காரனா இருந்தா கட்டி வெடிக்கிறதைக் கேட்டு அதிசயப்பட்டிருப்பான்," என்றாள் பிர்கிட்டா மெதுவாக. "இவருக்கு அது தினமும் கேக்குற சத்தம்."

"காது செவிடாப்போச்சு எனக்கு," என்றார் சாமிக். சிரிக்க முயன்றார், கண் கலங்கியது. "இத்தனை வருஷமா நானே என்னை நம்பல."

பிர்கிட்டா துகும்மெக்கின் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னுது. முன்வண்டி உன்னுதுதான். வரைபடத்துல உங்கப்பா பேரைத் திருப்பிப் போடணுமா?"

"உருகிப்போனதுக்குப் பேரு எதுக்கு?" என்றார் கிழவர். சிவப்புக் கல் ஒன்றை எடுத்து மகளின் கையில் அழுத்தினார். "நீ போ. வழியில தீவு ஏதாச்சும் தெரிஞ்சா, முதல்ல இறங்கி டீ போடு."