கஸ்தூரியின் தாவணி

வீட்டுக்குப் பின்னால் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டதும் முத்துலட்சுமி அரிசி களைவதை நிறுத்தினாள். அந்த வீட்டில் துணி துவைக்கிறவள் அவள் ஒருத்திதான். கல்யாணமாகி வந்த மறுநாளே மாமியார் ஜக்கம்மா சோப்புப் பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவள். இந்த எட்டு வருடத்தில் ஒரு கைத்துண்டைக்கூட அலசிப் போட்டதில்லை. புருசன் விஜயபாண்டி காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டான். வீட்டில் இருப்பது மாமியாரும் மருமகளும் மட்டும்தான்.

கோம்பையிலிருந்து இரண்டு மைல் தள்ளி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கிற வீடு அது. மேற்கு மலையிலிருந்து இறங்குகிற ஆடிக் காற்று பந்தல் கம்பிகளை முனகவைத்து, கொடிக்கு அடித்த மருந்தின் நெடியையும் ஈர மண்ணின் வாடையையும் வாரிக்கொண்டு வந்து, சமையலறை ஜன்னல் கதவை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் போன கரண்டு இரண்டு மணிக்கு முன்னால் வராது. மேகம் கவிந்து உச்சி வேளையிலேயே வீட்டுக்குள் இருட்டு அடைந்திருக்க, காற்றையும் மீறி அந்தச் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. கல்லில் ஈரத்துணி விழுகிற சத்தம். ஒரு அடி. சற்றே இடைவெளி. மறுபடி ஒரு அடி.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கயிறு மட்டும் தொங்கியது. கன்னிப் பெட்டியைக் காணவில்லை.

கல்யாணமாகாமல் செத்த பெண் அந்தப் பக்கத்தில் வீட்டுக்குச் சாமி. அவள் உடுத்தின துணியை ஓலைப் பெட்டியில் வைத்து உத்தரத்தில் கட்டிவிட்டு, வருடம் ஒரு தரம் இறக்கிப் புதுப் பாவாடை தாவணி படைத்துக் கும்பிடுவார்கள். இந்த வீட்டுக் கன்னி கஸ்தூரி, விஜயபாண்டியின் கூடப்பிறந்த தங்கை. தொண்ணூற்றேழில், பத்தொன்பது வயதில், சொந்தத் தோட்டத்துப் பந்தலுக்கடியில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். அங்கே கூலிக்கு நின்ற கருத்தக்கண்ணன்தான் கொன்றான் என்று ஆயுள் தண்டனை ஆனது. அவள் தாவணியில் இன்னொருவர் ரத்தம் இருந்தது. குரூப் பார்த்தார்கள், கருத்தக்கண்ணன் குரூப்போடு ஒத்துப்போனது. கேஸ் முடிந்த பிறகு ஜக்கம்மா மனுக் கொடுத்து அந்தத் தாவணியைக் கோர்ட்டிலிருந்து வாங்கி வந்து பெட்டிக்குள் வைத்தாள். மேலே வைக்கிற புதுத்துணி வருடா வருடம் மாறும். அடியில் கிடக்கிற தாவணியை யாரும் தொடக்கூடாது, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பது அவள் போட்ட கட்டளை.

அந்தத் தாவணியை எடுத்துப்போக இன்றைக்கு மூன்று மணிக்கு ஆள் வருகிறது. மறுவிசாரணை கேட்டுக் கருத்தக்கண்ணனின் அக்கா பிச்சையம்மாள் போட்ட மனுவில், ரத்தத்தை டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி மதுரையில் உத்தரவாகிவிட்டது. "ஒரே குரூப்பு ஊருல ஆயிரம் பேருக்கு இருக்கும்யா. இது அப்பிடி இல்ல, யாருதுன்னு ஆளச் சொல்லிரும்," என்று நோட்டீஸ் கொண்டுவந்த ஏட்டு வாசலில் நின்று விளக்கினார். கஸ்தூரியை எரித்துவிட்டதால், எது அவள் ரத்தம், எது மற்றவன் ரத்தம் என்று பிரித்துப் பார்க்க அவளுடைய அம்மாவும் அண்ணனும் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுக்கவேண்டுமாம். வயதான அம்மா என்பதால் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்களாம். விஜயபாண்டி தாராளமாகத் தலையாட்டினான்.

தாவணி பத்திரமாக இருக்கிற சங்கதி பிச்சையம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஜக்கம்மா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னது முத்துலட்சுமிதான். சின்னமனூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பிச்சையம்மாள், "அந்தப் பிள்ள உடுத்தியிருந்தது எதுவும் மிச்சமிருக்கா ஆத்தா?" என்று மெல்லக் கேட்க, "சாமியா வச்சுல்லக்கா கும்புடுறோம்," என்று இவள் பெருமையாகச் சொல்லிவிட்டாள். பிச்சையம்மாள் பஸ் என்றும் பாராமல் இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இருவத்திரெண்டு வயசுல எந்தம்பிக்கு வெலங்கு மாட்டுனாக. இப்பத் தல நரச்சுப்போச்சு. அது ஒண்ணுதேன் அவனுக்குச் சாட்சி. பத்திரமாப் பாத்துக்க ஆத்தா." பார்த்துக்கொள்கிறேன் என்று முத்துலட்சுமி வாக்குக் கொடுத்திருந்தாள்.

பின்கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஜக்கம்மா துவைகல்லுக்கு முன்னால் குந்தியிருந்தாள். பக்கத்தில் ஓலைப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவள் கையில் வெந்தய நிறத் தாவணி.

"அத்த, என்ன செய்யிறீக? அதுல தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதான... மூணு மணிக்கு அவுக வந்துருவாக!"

"வரட்டுமே. துணிதான கேட்டாக? குடுப்போம். அழுக்கோடதேன் குடுக்கணும்னு சட்டமா இருக்கு? வேடிக்க பாக்காம தண்ணியக் கோரி ஊத்து."

எட்டு வருடப் பழக்கம். கை தானாகத் தொட்டியில் குடத்தை அமிழ்த்தியது. ஊற்றிய பிறகுதான் முத்துலட்சுமி கல்லைப் பார்த்தாள்.

பழைய ரத்தக் கறை கரைந்தால் துருப்பிடித்த தண்ணீர் போல வரும். மாதாமாதம் துணி அலசுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் அது. இது அப்படி வரவில்லை. பளிச்சென்று சிவப்பாக, சோப்பு நுரையை இளஞ்சிவப்பாக்கிக்கொண்டு, கோழி அறுத்த இடத்தைக் கழுவிவிட்டது போல சலதாரையில் ஓடியது. வாடையும் அதே வாடை. லேசாக ஆவி பறந்தது போலவும் இருந்தது. ஜக்கம்மா பிழிந்தாள். சிவப்பு. சோப்புப் போட்டுக் கும்மி மறுபடி அடித்தாள். முன்னைவிட அதிகச் சிவப்பு.

"பன்னெண்டு வருசத்து ரத்தம் அத்த. எப்பிடி இப்பிடி..."

"ஊத்துடி!"

"மாட்டேன். அங்கன ஒருத்தன் செயில்ல கெடக்கான். அவனுக்கு இருக்குற ஒரே சாட்சி இது."

ஜக்கம்மாவின் கை நின்றது. திரும்பிப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்ப்பாள் என்று முத்துலட்சுமி நினைத்திருந்தாள். அந்தக் கண்ணில் இருந்தது கெஞ்சல்.

"எம்மகன் ரத்தம்டி இது," என்றாள். "அந்தக் கூலிக்காரனக் கட்டிக்கிருவேன்னு நின்னா கஸ்தூரி. பாண்டி கழுத்தப் புடிச்சான். அவன் கையக் கடிச்சுப்புட்டா. ரெண்டு பேத்துக்கும் ஒரே குரூப்பா அமைஞ்சது, பழி அவன் மேல போயிருச்சு. தாவணிய எரிக்கப்போனா அவ சும்மா விடமாட்டான்னுதேன் சாமியாக்குனேன். வருசா வருசம் பொறுத்துக்க ஆத்தா, பொறுத்துக்க ஆத்தான்னு கும்புட்டேன். பொண்ணத்தேன் பறிகுடுத்தேன். இருக்குற ஒத்தப் பிள்ளையவும் குடுக்கச் சொல்றியா?"

முத்துலட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள். எட்டு வருடம். ஒரே பாய். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த கை. ஒரு நாளும் ஓங்காத கை. அதை நினைக்கத்தான் அதிகம் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் செல்போன் அடித்தது. தப்பித்தோம் என்று உள்ளே ஓடினாள். விஜயபாண்டிதான்.

"லட்சுமி, எனக்கு ஒரு மாதிரியா வருது," என்றான். குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "மருந்துக் காத்து அடிச்சிருச்சோ என்னமோ. கையும் காலும் சில்லுன்னு ஆயிப்போச்சு. பந்தக்காலப் புடிச்சு உக்காந்துட்டேன்."

பின்னால் கல்லில் துணி விழுந்தது. "ம்ம்..." என்றான் அவன்.

மறுபடி ஒரு அடி. மறுபடி, "ம்ம்..."

முத்துலட்சுமி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அடி. முனகல். அடி. முனகல். கொல்லையில் சத்தம் ஓய்ந்தது. ஜக்கம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள் போல. "இப்பப் பரவால்ல," என்றான் அவன். "கொஞ்சம் உக்காந்துட்டு வந்துர்றேன்."

அவள் போனை வைத்துவிட்டு நின்றாள். ஏதேதோ நினைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

ஜக்கம்மா இன்னொரு சோப்புக் கட்டி தேடி உள்ளே வந்தாள். அவள் அலமாரியைக் குடைகிற நேரம் முத்துலட்சுமிக்குப் போதுமாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த குலை வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். கல்லின் மேல் சொதசொதவென்று கிடந்த தாவணியின் ஓரத்தை வெட்டினாள். உள்ளங்கை அகலம். வெட்டுப்பட்ட துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை. மொடமொடவென்று, நடுவில் கறுத்த திட்டோடு, பன்னிரண்டு வருடமாகத் தண்ணீரே படாதது போல. மூடி போட்ட ஒரு சின்னச் சம்படத்தில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பின்னால் மறுபடி சத்தம் ஆரம்பித்தது.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. ஏட்டும், ஐஸ் பெட்டியோடு மதுரையிலிருந்து வந்த லேப் அம்மாவும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே விஜயபாண்டியின் மொபெட். அதிலிருந்து இறங்க அவனுக்கு இரண்டு தரம் முயற்சி தேவைப்பட்டது. உதடு வெளுத்திருந்தது. நகங்கள் வெளுத்திருந்தன. கறுத்த மனுசன்; அந்தக் கறுப்பே அலசி அலசிச் சாயம் போனது போல இருந்தது. முற்றத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து முத்துலட்சுமியைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா எங்க?" என்றார் ஏட்டு.

"துணி அலசுறாக," என்றாள் முத்துலட்சுமி.

"எந்தத் துணி?"

முத்துலட்சுமி இடுப்பிலிருந்து சம்படத்தை எடுத்து லேப் அம்மாவிடம் நீட்டினாள். "இது அந்தத் தாவணில வெட்டுனது. இன்னைக்கு நாந்தேன் வெட்டுனேன். எங்க கூப்புட்டாலும் வந்து சொல்றேன்." விஜயபாண்டி சம்படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

லேப் அம்மா அவன் கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடினார். தட்டினார். வெகுநேரம் தேடினார். ஒரு வழியாக ஊசி இறங்கியது. பிஸ்டனை இழுத்தார்.

ஊசிக் குழாயில் தண்ணீர் ஏறியது.

தெளிந்த தண்ணீர். மேலே கொஞ்சம் சோப்பு நுரை.

லேப் அம்மா அடுத்த கையில் குத்தினார். தண்ணீர். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பின்னால் கல்லில் துணி விழுந்தது. நாற்காலியில் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கிப்போட்டது.

"வலிக்கவே இல்ல லட்சுமி," என்றான்.

நிப்பாட்டுங்க அத்த என்று ஒரு கத்தல் போதும். வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓட இருபது காலடி. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பிச்சையம்மாளின் நினைப்பும் கூடவே வந்தது. இருபத்திரண்டு வயதில் போனவன். நரைத்த தலை. பந்தலுக்கடியில் கிடந்த, இவள் முகம் பார்த்தறியாத ஒருத்தி. முத்துலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

சலதாரை நிறைந்து, வீட்டின் ஓரமாகச் சுற்றி, முற்றத்துக்கு வந்தது சிவப்புத் தண்ணீர். நாற்காலிக்கு அடியில் புகுந்தது. மழைத் தண்ணீருக்குத் தூக்குவது போல விஜயபாண்டி பாதங்களை மெல்லத் தூக்கிக்கொண்டான்.

அப்போது பின்னாலிருந்து ஜக்கம்மாவின் குரல் கேட்டது. சந்தோசத்தில் உடைந்த குரல்.

"லட்சுமி! வெளுத்துருச்சுடி! பூராப் போயிருச்சு! எம்பிள்ள தப்பிச்சான்! இன்னும் ஒரே ஒரு அடி!"

துணி விழுந்தது.

தூக்கிய பாதங்கள் தண்ணீரில் இறங்கின. கண்கள் திறந்தே இருந்தன. காற்றில் அவன் சட்டை மட்டும், உள்ளே யாரும் இல்லாதது போல, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.