முடிக்கப்படாத கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடநாராயணன் தன் கொல்கத்தா பாலிகஞ்ச் ஃப்ளாட்டின் கதவைத் திறந்தபோது, ஜலஜா தன் கைபேசியைக் கொதிக்கும் டம்ளரைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே கட்டடத்தின் இரண்டாம் மாடிக்காரி, வங்கி அதிகாரி. எதற்கும் கலங்காதவள் என்று பெயர் வாங்கியவள். அன்று அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமி இருக்காளா, மாமா?"

மாமி என்றால் அவர் மனைவி ஜகதாம்பாள். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சந்தேகமான க்ளெய்ம்களைத் துருவி விசாரிப்பது அவள் தொழில். வெங்கடநாராயணன் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தாலும், விடுமுறை நாட்களில் தன்னை அவளுடைய உதவியாளராகவே நினைத்துக்கொண்டார். அவள் அவரை நியமித்ததும் இல்லை, நீக்கியதும் இல்லை.

ஜலஜா கைபேசியை மேஜைமேல் வைத்தாள். "இது நான் எழுதி வெச்சுக்கற மளிகை லிஸ்ட், மாமி. நேத்து கடையில நின்னுண்டு திறந்தா, அடியில இது இருக்கு. சத்தியமா நான் எழுதலை."

வெங்கடநாராயணன் எட்டிப் பார்த்தார். துவரம் பருப்பு, பெருங்காயம், ப்ரியாவுக்கு ப்ளவுஸ் துணி. அதற்குக் கீழே ஒரு வரி:

"மூத்த சகோதரி, உங்கள் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை. தயவுசெய்து விரைவில் முடிக்கவும்."

"கணக்கை முடிக்கறதா!" வெங்கடநாராயணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஜகதா, இது கொலை மிரட்டல்!"

"தயவுசெய்துன்னு போட்டிருக்கே," என்றாள் ஜகதாம்பாள்.

"மரியாதை தெரிஞ்ச கொலைகாரனா இருப்பான்."

ஜகதாம்பாள் சிரிக்கவில்லை. "ஃபோனை யாராவது தொட்டாளா, ஜலஜா?"

"இல்லை. நான் எடுத்தா ஒழிய அது கைப்பையை விட்டு வெளியில வரதே இல்லை."

"இந்த லிஸ்ட் வேற எதுல தெரியும்?"

"முன்னே பழைய லேப்டாப்பிலயும் தெரியும். அதைத்தான் போன மாசம் வித்தாச்சே. சாய்தான் ஃபார்மட் பண்ணி, கரியாஹாட் பக்கம் ஒரு கடையில குடுத்துட்டு வந்தான்."

சாய் கிருஷ்ணா என்பவன் ஜலஜாவின் தங்கை தேவிப்ரியாவுக்கு நிச்சயமான பையன்.

"அவன் ஃபார்மட் பண்றச்சே நீ பக்கத்துல இருந்தியா?"

"காபி கலக்க உள்ளே போனேன். டம்ளரை எடுத்துண்டு வரதுக்குள்ள எல்லாம் முடிச்சுப் பையில வெச்சுட்டான். கெட்டிக்காரன்னு நெனச்சேன்." ஜலஜா கைபேசியைத் தள்ளி வைத்தாள். "அவன்தான் மாமி இதை எழுதியிருக்கான். என் பாஸ்வேர்டு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கல்யாணமான கையோட ப்ரியாவைப் புனேக்குக் கூட்டிண்டு போகாதேன்னு போன வாரம் சண்டை போட்டேன். 'உங்க கணக்கு வேற, எங்க கணக்கு வேற அக்கா'ன்னு மூஞ்சிக்கு நேரே சொன்னான். இதே வார்த்தை! அம்மா அப்பா போனப்புறம் அவளை நான்தான் வளர்த்தேன். மிரட்டறவன் கையில எப்படிப் பிடிச்சுக் குடுப்பேன்? இன்னிக்கே அவாத்துக்கு ஃபோன் பண்ணிக் கல்யாணத்தை நிறுத்தப் போறேன்."

"பண்ணு. ஆனா சாயங்காலத்துக்கு அப்புறம் பண்ணு. ப்ரியாவையும் சாயையும் கூட்டிண்டு இங்கே வா. அதுவரைக்கும் இந்த ஃபோன் என்கிட்ட இருக்கட்டும்."

ஜலஜா போனதும் ஜகதாம்பாள் கைபேசியை எடுத்து, அந்த மிரட்டல் வரிக்கு அடியிலேயே வங்காளத்தில் ஏதோ தட்டச்சு செய்தாள். கொல்கத்தாவிலேயே பிறந்தும் வெங்கடநாராயணனுக்கு வங்காளம் பேச்சோடு சரி, எழுத்து பிடிபடாது.

"என்ன எழுதறே?"

"பதில். அத்தோட என் நம்பர்."

"குற்றவாளிக்கே நம்பரா!"

மத்தியானம் ஜகதாம்பாளின் சொந்தக் கைபேசி ஒலித்தது. பால்கனிக்குப் போய் வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்தவள் யாரென்று சொல்லவில்லை. வெங்கடநாராயணன் அன்று சாப்பாட்டில் ரசத்துக்குப் பதிலாக மோரை ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் மூவரும் வந்தார்கள். தேவிப்ரியாவின் கண்கள் வீங்கியிருந்தன. சாய் அவளுக்கு எதிர்ப்புறம், ஓர் ஓரமாக உட்கார்ந்தான். ஜலஜா அவனைப் பார்க்கவே இல்லை.

"சாய்," என்றாள் ஜகதாம்பாள், "ஜலஜாவை நீ எப்படிக் கூப்பிடுவே?"

"அக்கான்னு."

"அவளுக்கு எழுதணும்னா?"

"அதுவும் அக்காதான், மாமி. வேற எப்படி?"

"அதான் விஷயம். அக்கான்னு ஒரு வார்த்தை இருக்கறச்சே தமிழ் தெரிஞ்சவா யாரும் 'மூத்த சகோதரி'ன்னு எழுத மாட்டா. அது மெஷின் மொழிபெயர்த்த தமிழ். மூலத்துல என்ன இருந்திருக்கும்? இந்த ஊர்ல ஒரு பெண்ணை மரியாதையா எப்படிக் கூப்பிடுவா?"

"தீதி!" வெங்கடநாராயணன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஆமாம். தீதின்னா அக்கா. அப்போ மிச்சத்தையும் வங்காளத்துல யோசிச்சுப் பாருங்கோ. 'அக்கவுண்ட்' கணக்காயிடுத்து. 'ஷேஷ்' பண்ணுங்கோன்னு சொன்னது முடிக்கவும்னு ஆயிடுத்து. தீதி, உங்க அக்கவுண்ட் இன்னும் மூடாம இருக்கு, சீக்கிரம் மூடிடுங்கோ. இது மிரட்டல் இல்லை, ஜலஜா. எச்சரிக்கை."

ஜலஜா அவளிடமிருந்து தன் கைபேசியை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தாள்.

"எழுதினது உன்னைத் தெரியாத ஆள்ங்கறதும் இதுலேயே இருக்கு. தெரிஞ்சவாளுக்கு உனக்கு வங்காளம் சரளமா வரும்னு தெரியும். மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை. லிஸ்ட் தமிழ்ல இருக்கறதைப் பாத்துட்டு, தமிழ் மட்டும்தான் படிப்பாளோன்னு நெனச்ச ஆள். அந்த லிஸ்ட் உன் ஃபோனைத் தவிர வேற எங்கே தெரியும்? பழைய லேப்டாப்பில. ஆனா ஃபார்மட் பண்ணின லேப்டாப்பில தெரியாது." அவள் சாய் பக்கம் திரும்பினாள். "ஒரு காபி கலக்கற நேரத்துல எந்த லேப்டாப்பும் முழுசா அழியாது, சாய்."

சாய் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஃபார்மட் பண்ணலை, மாமி. ஃபோல்டரை எல்லாம் டெலீட் பண்ணினேன், திறக்கற பாஸ்வேர்டை எடுத்தேன். அது போறும்னு நெனச்சேன். ப்ரௌசர்ல அக்காவோட அக்கவுண்ட் திறந்தே இருந்ததை நான் பாக்கலை. அக்கா காபியோட வந்து 'அதுக்குள்ள முடிச்சுட்டியா'ன்னு சந்தோஷமாக் கேட்டா. அவா என்னைப் பாராட்டினது அதுதான் முதல் தடவை. இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

தேவிப்ரியா "சாய்!" என்றாள். அந்த ஒரு சொல்லில் கோபமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன.

ஜகதாம்பாள் ஒரு எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் வைத்தாள். மறுமுனையில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாந்த்ராகாச்சியிலிருந்து சுப்ரியா என்ற பள்ளி ஆசிரியை. அந்தக் கடையில் லேப்டாப்பை வாங்கியவள் அவள்தான். வங்காளத்தில் படபடவென்று பேசினாள்:

"தீதி, திறந்ததும் உங்க ஃபோட்டோ, வங்கிப் பேப்பர் எல்லாம் வந்து நின்னுது. ஃபோன் பண்ணினா, ஏன் பாத்தேன்னு போலீசுக்குப் போவீங்களோன்னு பயம். அக்கவுண்ட்ல இருந்து நானே வெளியேறியிருக்கலாம். ஆனா அதுக்குள்ள உங்க அம்மா அப்பா படமெல்லாம் இருந்தது. நான் ஏதாவது தொட்டு அழிஞ்சு போச்சுன்னா? அதான் நீங்க பாக்கற இடமாத் தேடி எழுதினேன். தமிழ் சரியா வந்ததா?"

ஜலஜா சிரிக்கத் தொடங்கி அழுதாள். "ரொம்ப நன்னா வந்தது," என்றாள் தமிழிலேயே. பிறகு நினைவு வந்து வங்காளத்தில் நன்றி சொன்னாள்.

அழைப்பு முடிந்ததும் அவள் சாயைப் பார்த்தாள். "கல்யாணத்தையே நிறுத்தணும்னு இருந்தேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. என் மேலயும் தப்பு, சாய்."

"நான் பொய் சொல்லாம இருந்தா நீங்க சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேளே, அக்கா."

மறுநாள் அலுவலகம் முடிந்து ஜலஜாவும் சாயும் பாலம் தாண்டிச் சாந்த்ராகாச்சிக்குப் போனார்கள். வெங்கடநாராயணனும் ஒட்டிக்கொண்டார், வழக்கின் முடிவைப் பார்க்க வேண்டாமா? ரயில்வே யார்டின் சத்தம் கேட்கும் சிறிய வீடு. சுப்ரியா எல்லோருக்கும் டீயும் சந்தேஷ் இனிப்பும் வைத்தாள். லேப்டாப்பை மட்டும் சாயிடம் நீட்டவில்லை. ஜலஜாவின் கையிலேயே கொடுத்தாள்.

ஜலஜா தன் அக்கவுண்டிலிருந்து வெளியேறினாள். கைபேசியில் பார்த்தாள், இணைந்திருந்த கருவிகளின் வரிசையில் பழைய லேப்டாப் மறைந்திருந்தது. அதன்பின் சாய், எல்லாவற்றையும் துடைத்தழிக்கும் முறையை ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே தொடங்கினான். திரையில் கோடு நத்தைபோல் நகர்ந்தது. டீ ஆறியது, இன்னொரு முறை வந்தது. அவன் இடத்தை விட்டு அசையவில்லை.

கோடு பாதி தாண்டியபோது ஜலஜா தன் கைபேசியை அவனிடம் நீட்டினாள். "இதுல எதெதைப் பூட்டணும்னு காட்டு. வழியை நீ சொல்லு. புது பாஸ்வேர்டை நானே போட்டுக்கறேன்."

"சரி, அக்கா."

சாய் வழியைக் காட்டினான்; பாஸ்வேர்டு போடும் கட்டம் வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வெங்கடநாராயணனும் தன் நாற்காலியை மெதுவாகத் திருப்பிக்கொண்டார்.